பலிபீடத்தின் பெருங்கதை – 12: சுவரை விட்டு விலகிய பீடம்

சென்ற வாரம், 1704-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாப்பரசரின் தூதராகிய தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட தீர்ப்பையும், அதைத் தொடர்ந்து 1744-இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் விதித்த ஆணையையும் பார்த்தோம். மலபார்ச் சடங்குகள் எனப்பட்ட தமிழ்நாட்டுச் சம்பிரதாயங்களில் எவை கிறிஸ்தவர்களுக்கு ஆகும், எவை ஆகா என்று வரையறுத்த அவ்வாணைக்குக் கீழ்ப்படிவதாக, இந்நாட்டில் ஊழியம் புரிய வந்த மிஷனரிமார் சத்தியம் செய்தாக வேண்டியிருந்தது.

அந்தச் சத்தியப் பிரமாணம் நீங்கியது 1940-இல்தான். இந்த ஆண்டை வாசகர்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன். இவ்வாரக் கதையின் முடிச்சு அதில் இருக்கிறது.

* * *

1960-ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றினுள் நுழைந்தவருடைய கண், நடுப்பாதை வழியே நேரே ஓடிச் சென்று, கோடியில் இருந்த சுவரைப் பற்றிக்கொண்டு மேல்நோக்கி ஏறும். ஏனெனில் பீடம் என்பது அக்காலத்தில் சுவரோடு ஒன்றி, அடுக்கடுக்காக உயர்ந்து, மாடங்களில் அர்ச்சிஷ்டவர்களின் சுரூபங்களைத் தாங்கி, முகட்டை எட்டுமளவுக்கு நிமிர்ந்து நின்ற ஒரு கட்டடமாகவே இருந்தது.

அதன் நடுவில், சிறு திரை தொங்கும் நற்கருணைப் பேழை; அதற்கு மேலே பாடுபட்ட சுரூபம்; அதற்கு இருபுறமும் மும்மூன்றாக ஆறு மெழுகுவர்த்தித் தண்டுகள்; அவற்றிடையே பூச்சாடிகள்; எதிரே சங்கிலியில் தொங்கியபடி இரவும் பகலும் எரியும் செவ்விளக்கு.

கீழே, பூசை நடக்கும் பலகையின்மேல், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வெள்ளைத் துகில்கள். அவற்றினடியில் ஐந்து சிலுவைகள் பொறித்து, வேதசாட்சிகளின் அருளிக்கம் பொதிந்த பீடக்கல். குருவானவர் குனிந்தபடியே வாசிப்பதற்கென்று சட்டமிட்ட மூன்று இலத்தீன் அட்டைகள். முன்புறத்தில் திருநாளுக்குத் தக்கபடி வெள்ளை, சிவப்பு, ஊதா, பச்சை என்று நிறம் மாறும் பீட முகத்திரை.

இவற்றில் எதுவும் வெறும் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. சாதாரணப் பூசைக்கு இரண்டு திரி, பாட்டுப் பூசைக்கு ஆறு, மறைமாவட்டத்து ஆண்டவரே வந்து நிறைவேற்றும் பெரும்பூசைக்கு ஏழு என்று எரியும் திரிகளை எண்ணியே அன்றைய வழிபாட்டின் தரத்தை ஜனங்கள் அறிந்துகொண்டார்கள். எழுத்து வாசனை அறியாத கிழவியும், முகத்திரையின் நிறத்தைக் கண்டே இது தபசு காலமா, திருநாளா என்று சொல்லிவிடுவாள்.

அத்தண்டுகளையும் துகில்களையும் கொடுத்தவர்கள் யார்? மகள் கலியாணம் நல்லபடி முடிந்ததற்கென்றும், வாந்திபேதியிலிருந்து பிள்ளை பிழைத்ததற்கென்றும், கப்பலில் போனவன் கரை திரும்பியதற்கென்றும் நேர்ந்துகொண்ட குடும்பங்களே அவற்றைப் பித்தளையிலும் வெள்ளியிலும் செய்து, உபயம் என்று அடியில் பெயர் பொறித்துக் கொடுத்தன. பீடத்துச் சாமான்களின் சரித்திரத்தை எழுதுகிறவன் இந்தப் பெயர்களை மறந்துவிட்டு ரோமாபுரி ஆணைகளை மட்டும் எழுதுவானாயின், அவன் பாதிக் கதையைத்தான் சொன்னவனாவான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை யாவும் சுவரை நோக்கி நிற்கும் ஒரு குருவுக்காக, பின்னால் முழந்தாளிட்டிருக்கும் ஜனங்கள் ஒரே திசையிலிருந்து பார்ப்பதற்காக, உயரத்தையே இலட்சணமாகக் கொண்டு செய்யப்பட்டவை. பீடம் சுவரை விட்டு ஓரடி விலகினாலும் அந்த ஒழுங்கு முழுவதும் குலைந்துபோகும்.

* * *

விலகிற்று.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் கூடியிருந்த ஆயர்கள், 2,147 பேர் ஆதரவாகவும் நால்வர் மட்டுமே எதிராகவும் வாக்களித்து, திருவழிபாட்டைப் பற்றிய சாசனத்தை நிறைவேற்றினார்கள். ஜனங்கள் மௌன சாட்சிகளாக இராமல், அறிவோடும் ஈடுபாட்டோடும் வழிபாட்டில் பங்குகொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். பீடத்தைத் திருப்ப வேண்டும் என்று அந்தச் சாசனத்தில் எங்கும் சொல்லவில்லை.

பீடத்தைப் பற்றிய பேச்சு அடுத்த ஆண்டில், 1964 செப்டம்பர் 26-ஆம் தேதியிட்ட செயல்முறை விளக்கத்தில், 91-ஆம் பத்தியில் வருகிறது. பிரதான பீடத்தைச் சுவரிலிருந்து பிரித்துக் கட்டுவது நலம். அங்ஙனம் கட்டினால் அதை எளிதில் சுற்றிவரலாம், ஜனங்களை நோக்கி நின்று பலி நிறைவேற்றவும் இயலும் என்பதே அதன் கருத்து.

நலம் என்றுதான் இருந்தது, கட்டாயம் என்றிருக்கவில்லை. பழையதை உடைக்கவேண்டும் என்று அதில் ஓரெழுத்தும் கிடையாது. ஆயினும், சில வாக்கியங்கள் எழுதினவர்களின் கையைவிட்டு ஓடிப்போய்த் தம் போக்கில் தாமே சரித்திரம் படைத்துவிடுகின்றன; 91-ஆம் பத்தி அத்தகையது.

அவ்வாண்டு டிசம்பரில் அகில உலக நற்கருணை மாநாட்டுக்காகப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் பம்பாய்க்கு வந்திறங்கினார்; மூன்று மாதம் கழித்து, 1965 மார்ச் 7-ஆம் தேதி, ரோமாபுரியிலுள்ள ஒரு பங்குக் கோயிலில் இத்தாலிய மொழியில் பூசை நிறைவேற்றினார். செயல்முறை விளக்கம் நடப்புக்கு வந்த நாள் அது. இலத்தீன் ஒலித்த இடத்தில் தமிழ் ஒலிக்க வழி திறந்த நாளும் அதுவே.

தமிழில் ஜெபிக்கும் குரு தமிழ் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பானேன் என்ற கேள்வி தானாகவே எழுந்தது. கேள்வி நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். ரோமாபுரி அர்ச். இராயப்பர் பேராலயத்தின் பிரதான பீடத்திலேயே பாப்பரசர் ஜனங்களை நோக்கி நின்றுதானே பூசை செய்து வந்தார்? ஆகவே, முகம் திரும்பியதில் புதுமைக்காகப் புதுமை என்று குற்றம் சொல்ல இடமில்லை.

குற்றம் வேறிடத்தில் நேர்ந்தது. புதிய பீடத்துக்கென்று பொறுமையாகக் கல் தேடி, சிற்பியைக் கேட்டு, இடம் அளந்து செய்யாமல், கையில் அகப்பட்ட மரமேசை ஒன்றைக் கொண்டுவந்து பழைய பீடத்தின் முன்னே போட்டதோடு காரியம் முடிந்துவிட்டதாகப் பல தேசங்களிலும் பல கோயில்களில் கருதிவிட்டார்கள். பழைய பீடம் பின்னணிக் காட்சியாகிவிட்டது. சில இடங்களில் அதுவும் பெயர்க்கப்பட்டு விறகாயிற்று. ஆறு தண்டுகளும் அட்டைகளும் முகத்திரையும் சாமான் அறைக்குச் சென்றன. அங்கிருந்து சில, பித்தளை விலைக்குப் பழைய பாத்திரக் கடைக்கும் சென்றன.

எச்சரிக்கை இல்லாமற்போகவில்லை. வழிபாட்டுச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராயிருந்த பொலோஞ்ஞா நகரத்துக் கர்தினால் லெர்காரோவே, 1965 ஜூன் 30-ஆம் தேதி ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஜனங்களை நோக்கிப் பலி நிறைவேற்றுவது இன்றியமையாததன்று என்று நினைவூட்டி, அவசரப்பட்டுச் செய்யும் மாற்றங்களைக் குறித்து எச்சரித்தார். 1971 ஏப்ரல் 11-ஆம் தேதி ரோமாபுரியிலிருந்து வந்த சுற்றறிக்கையொன்று இன்னும் வெளிப்படையாக, சீர்திருத்தத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு திருச்சபையின் கலைச்செல்வங்களை அழிப்பதையும் சிதறடிப்பதையும் கண்டித்தது.

1964-க்கும் 1971-க்கும் இடையே ஏழு ஆண்டுகள். அந்த ஏழாண்டுகளில் போனது திரும்பவில்லை.

* * *

இதே காலத்தில் தமிழ்நாட்டில் ஜனத்தொகை பெருகி, பழைய கோயில்கள் இடம் போதாமல் திணறின. வேளாங்கண்ணியை எடுத்துக்கொள்வோம். 1962 நவம்பரில் பாப்பரசர் இருபத்து மூன்றாம் அருளப்பர் அதற்குப் பேராலய அந்தஸ்து அளித்த பின், யாத்திரிகர் கூட்டம் கடலலைபோல் பெருகவே, 1970-களின் நடுவில் பழைய கோயிலுக்குப் பின்புறம் பெரியதோர் விரிவுக் கட்டடம் எழுந்தது. ஆயினும், பட்டுச்சேலை உடுத்தி நிற்கும் ஆரோக்கிய மாதாவின் சுரூபமும் அந்தப் பழைய பீடமும் தம் ஸ்தானத்தை விட்டு அசையவில்லை. ஜனங்களின் பக்தி எங்கே வேரூன்றியிருக்கிறதோ அங்கே கட்டடக்காரன் கடப்பாரையோடு நெருங்க அஞ்சுவான் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

வேரூன்ற அவகாசம் பெறாத புதிய கோயில்களின் கதை வேறு. சிமெண்டுக் கூரை, அகன்ற மண்டபம், வெள்ளைச் சுவர், நடுவே ஒரு பீடம்; மாடமுமில்லை, அடுக்குமில்லை. காற்றும் வெளிச்சமும் தாராளம். எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம், எல்லாச் சொல்லையும் கேட்கலாம். ஆனால் இரண்டு தலைமுறையாகப் பழகிய கைக்கு அங்கே வைக்கவென்று ஒரு சாமானும் இல்லை, வைக்க இடமும் இல்லை. பீடத்துக்குத் தண்டு வாங்கித் தருகிறேன் என்று பாட்டனார் நேர்ந்துகொண்டார். பேரன் எதை வாங்கித் தருவான்?

* * *

இந்தக் கேள்விக்கு ஒரு விடை, அன்றைய தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்து புறப்பட்டது.

அங்கே கல்லேரி என்னும் சிற்றூரில் பிறந்த சகோதரர் இருவர். மூத்தவர் சைமன் லூர்துசாமி, 1924-இல் பிறந்து, பெங்களூர்ப் பேராயராகி, பிற்காலத்தில் தமிழரில் முதல் கர்தினாலாக உயர்ந்தவர். இளையவர் அமலோற்பவதாஸ், 1932-இல் பிறந்து, 1967-இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்துக்கு ஆதி இயக்குநராக அமர்ந்தவர். ஒருவர் ஆயர் பேரவையின் வழிபாட்டுக் குழுவுக்குத் தலைவர். மற்றவர் அதற்கு மூளையாகவும் கையாகவும் இருந்து உழைத்தவர். இந்திய மண்ணில் இந்தியச் சைகைகளோடும் இந்தியச் சாமான்களோடும் பலி நிறைவேற்ற அனுமதி வேண்டி ரோமாபுரிக்கு விண்ணப்பம் சென்றது.

1969 ஏப்ரல் 25. பதில் வந்தது.

அதே மாதம் 3-ஆம் தேதிதான், நானூறாண்டுக் காலம் வழங்கிய பூசைப் புத்தகத்துக்குப் பதிலாகப் புதிய திருப்பலிப் புத்தகத்துக்குப் பாப்பரசர் ஒப்பமிட்டிருந்தார். உலகமெங்கும் அந்தப் புத்தகத்தைப் பற்றியே பேச்சாயிருந்த வேளையில், பன்னிரண்டே அம்சங்களைக் கொண்ட ஒரு சிறு கடிதம் இந்தியாவுக்கு வந்துசேர்ந்தது.

மெழுகுவர்த்திக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு வைக்கலாம். சங்கிலித் தூபக்கலசத்துக்குப் பதிலாகக் கைப்பிடியுள்ள எளிய தூபக்கால் போதும். திருமேனித் துகிலுக்குப் பதிலாகத் தாம்பாளத் தட்டை வைத்துக்கொள்ளலாம். பீடத்தை முத்தி செய்வதற்குப் பதில் கையால் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ளலாம். குருவானவர் அங்கவஸ்திரம் தரிக்கலாம். ஆனால் அந்த உடையின் மாதிரியை ரோமாபுரிக்கு அனுப்ப வேண்டும். வரவேற்கையில் ஆரத்தி, காணிக்கை வேளையிலும் நற்கருணை மன்றாட்டின் முடிவிலும் பூவாலோ தூபத்தாலோ தீபத்தாலோ ஆரத்தி, அஞ்சலி, பஞ்சாங்கப் பிரணாமம், தரையில் அமர்ந்து பூசை செய்தல் என்று இவ்வாறு அந்தப் பட்டியல் போகிறது. எல்லாம் செய்யலாம் என்ற அனுமதியே; செய்தாக வேண்டும் என்ற கட்டளை ஒன்றுமில்லை.

இவற்றில் மற்றவை சில கோயில்களில் வந்தும் சில கோயில்களில் வராமலும் போயின. விளக்கு மட்டும் நிலைத்தது. உச்சியில் அன்னத்துக்குப் பதிலாகச் சிலுவை பொருந்திய பித்தளைக் குத்துவிளக்கை, வழிபாட்டின் தொடக்கத்தில் குருவானவரும் ஊர்ப் பெரியோரும் ஒவ்வொரு திரியாக ஏற்றுவது, இன்று நம் கண்ணுக்கு எவ்வளவு இயல்பாகிவிட்டதென்றால், அது ஒரு காலத்தில் வாதத்துக்குரிய விஷயமாயிருந்தது என்றே இளைஞர் நம்பமாட்டார்கள்.

* * *

வாதம் கடுமையாகவே நடந்தது.

சென்னையில் விக்டர் குழந்தை என்னும் பொதுநிலைத் தலைவர் இம்மாற்றங்களை எதிர்த்துத் தனி நூலே எழுதினார்; இந்தியத் திருச்சபை அஞ்ஞான மார்க்கத்துக்குத் திரும்புகிறது என்பது அவர் தரப்பு. ஒரு கட்சியார் விளக்கில் தேசத்தின் ஒளியைக் கண்டார்கள். மறுகட்சியார் அதே விளக்கில் தம் முன்னோர் துறந்துவந்ததைக் கண்டார்கள்.

இந்த எதிர்ப்பை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. அது நியாயமாகாது. நான் தொடக்கத்தில் நினைவில் வைக்கச் சொன்ன ஆண்டை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். சத்தியப் பிரமாணம் நீங்கியது 1940. விளக்குக்கு அனுமதி வந்தது 1969. இடையே இருபத்தொன்பது ஆண்டுகளே. மலபார்ச் சடங்குகளைத் தீண்டேன் என்று வாலிபத்தில் சத்தியம் செய்து இந்நாட்டுக்கு வந்த மிஷனரி ஒருவர், அறுபது வயதில், அதே ரோமாபுரியின் ஒப்புதலோடு, ஆரத்தித் தட்டைக் கையில் ஏந்தும்படி கேட்கப்பட்டார். அவர் கை நடுங்கியிருந்தால் அதற்கு இருநூறாண்டுக் கால ஆணை காரணம். அவரிடம் உபதேசம் கேட்டு வளர்ந்த ஜனங்களின் மனமும் அவ்வாறே நடுங்கியது.

மறுபுறம், மலையாளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் கோயில்களில் சிலுவை பொருந்திய நிலவிளக்கு நெடுங்காலமாக எரிந்துகொண்டிருந்ததே. அதை யாரும் அஞ்ஞானம் என்று சொல்லவில்லையே? எண்ணெயும் திரியும் எந்த மதத்துக்கும் தனிச்சொத்தல்ல. விளக்கு உள்ளே வந்தது சரி என்பதே என் துணிபு; ஆனால் அது ஏன் வருகிறது என்பதை ஜனங்களுக்குப் பொறுமையாகச் சொல்லி, அவர்களே எண்ணெய் வார்க்கும்படி செய்திருக்க வேண்டும். மரமேசையைக் கொண்டுவந்து போட்ட அதே அவசரத்தில் விளக்கையும் கொண்டுவந்து வைத்த இடங்களில்தான் சச்சரவு அதிகமாயிற்று.

* * *

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் அமர்ந்து இதை எழுதுகையில், கேட்கப்படாமலே போன இன்னொரு கேள்வி என் மனத்தை உறுத்துகிறது. பட்டு எங்கே போயிற்று?

அங்கவஸ்திரத்துக்கு அனுமதி வந்த நாளில் காஞ்சி நகரம் சென்னை – மயிலை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்ததாயிருந்தது. செங்கற்பட்டு மறைமாவட்டம் பிரிந்தது 2002-இல்தான். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக, மூன்று நாடாக்களைச் செலுத்தி, இருவர் சேர்ந்து கோர்வை நெய்யும் தறிகள் இவ்வட்டாரத்தில் இருந்தன. தேவமாதாவுக்குச் சேலை நேர்ந்துகொள்கிறவர்களும் பட்டையே நாடினார்கள். பீட முகத்திரைக்கும் குருவின் உடைக்கும் வேண்டிய வெண்மையும் செம்மையும் ஊதாவும் பச்சையும், ஜரிகைக் கரையோடு, இங்கேயே நெய்யக்கூடியவை.

புதிய பீடத்துக்கு முகத்திரை பொருந்தாது என்று ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. பழைய பீடத்துக்கு முன்புறம் ஒன்றே. புதிய பீடத்தை நாற்புறமும் ஜனங்கள் பார்க்கிறார்கள், குருவும் சுற்றிவருகிறார் என்பது உண்மை. அப்படியானால் நாற்புறத்துக்கும் தக்கபடி புதிதாக அளந்து நெய்ய வேண்டியதுதானே? மேலே விரிக்கும் துகில் வெண்மையாக இருக்கவேண்டும் என்பது விதி. அதனடியில் தொங்கும் கரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பழைய சாமானைத் தூக்கிவந்து புதிய இடத்தில் திணிப்பது ஒரு வகை. பழைய சாமான் எந்தக் காரியத்துக்காக இருந்ததோ அந்தக் காரியத்தைப் புதிய இடத்தின் அளவுக்கு மீண்டும் செய்து தருவது மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு நெசவாளனும் கன்னானும் கல்தச்சனும் குருவோடு கூட அமர்ந்து ஆலோசிக்க வேண்டும். அந்த ஆலோசனைக்கு நேரம் ஒதுக்கிய கோயில்கள் மிகச் சிலவே.

* * *

இவ்வாறு, சாமான் அறையில் ஆறு தண்டுகளும், பீடத்தருகே குத்துவிளக்குமாக முப்பதாண்டுகள் கழிந்தன.

2000-ஆம் ஆண்டில், ரோமாபுரியில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராயிருந்த ஜெர்மானியக் கர்தினால் ஜோசப் ராட்சிங்கர், வழிபாட்டின் ஆன்மாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குருவும் ஜனங்களும் ஒருவரையொருவர் பார்த்து நிற்பதால், வழிபடும் கூட்டம் தன்னைத்தானே சுற்றி மூடிக்கொண்ட வட்டமாகிவிடுகிறது. இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டியது கர்த்தரையே. கிழக்கு நோக்கித் திரும்ப இயலாத இடத்தில், பீடத்தின் நடுவில் வைக்கப்படும் சிலுவையே அனைவருக்கும் கிழக்காகட்டும் என்பது அவர் வாதம்.

2002-இல் வந்த திருப்பலிப் புத்தகத்தின் பொது விதிகளும், பீடத்தின்மேலோ அதன் அருகிலோ பாடுபட்ட சுரூபமும், இரண்டோ நான்கோ ஆறோ திரிகளும், மறைமாவட்ட ஆயர் பலி நிறைவேற்றினால் ஏழாவது திரியும் இருக்கவேண்டும் என்று பழைய கணக்கைப் புதிய பீடத்துக்கும் எழுதிவைத்தன.

2005 ஏப்ரலில் அந்தக் கர்தினாலே பாப்பரசரானார். பதினாறாம் பெனடிக்ட் என்னும் பெயரோடு அவர் நிறைவேற்றிய திருப்பலிகளில், ஜனங்களை நோக்கிய பீடத்தின் நடுவே சிலுவையும் இருமருங்கும் உயர்ந்த மெழுகுவர்த்தித் தண்டுகளும் மீண்டும் வரிசையாக நின்றன. தொலைக்காட்சியில் அதைக் கண்ட பங்குக் குருமார் பல தேசங்களில் சாமான் அறைக் கதவைத் திறந்தார்கள்.

சுவருக்காகச் செய்யப்பட்ட தண்டுகள் இப்போது மேசைக்கு வந்தன. முன்பு குருவுக்கு எதிரே உயர்ந்து நின்றவை, இனிக் குருவுக்கும் ஜனங்களுக்கும் நடுவே உயர்ந்து நிற்கும். அவற்றை நேர்ந்துகொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் எதிரே அமர்ந்திருப்பார்கள். குத்துவிளக்கு இருந்த இடம் யாருக்கு? நடுவில் நிற்கும் சிலுவை இருபுறத்தாரையும் ஒன்றாக இணைக்குமா, அல்லது 1964-இல் விலகிய சுவரையே மீண்டும் பீடத்தின்மேல் எழுப்பிவிடுமா?

(தொடரும்)